குழாயடி போர்டும் கிராம சபைத் தீர்மானமும்

கிராம சபையில் எழுந்து நின்று ஒரு தீர்மானம் கேட்பது பெரிய வித்தை இல்லை. கேட்டது நோட்டில் ஏறுகிறதா, ஏறினது நாம் சொன்ன வார்த்தையிலேயே இருக்கிறதா, அப்புறம் அதை யாராவது செய்கிறார்களா என்று பார்ப்பதில்தான் வேலையே இருக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளிகள் மேல் ஊரில் ஏறிக்கொண்டிருந்த வெறுப்புக்கு எதிராக ஊராட்சியே ஒரு நிலை எடுக்க வேண்டும் என்று 2023-இல் நாங்கள் சில பேர் கிளம்பினோம். எது நடந்தது, எது பாதியில் நின்றது, வேறு ஊர்க்காரர்கள் செய்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. ஊர்ப் பேரைப் போடவில்லை. பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கிறது, அது போதும். இந்தப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

நாங்கள் பவர்டேபிள் வைத்திருக்கிறோம். பனியன் கம்பெனிகளில் கட்டிங் ஆன பீஸை எடுத்து வந்து, ஓவர்லாக், பேட்லாக் தையல் அடித்துத் திருப்பிக் கொடுக்கிற ஜாப் ஒர்க். மிஷினில் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் ஆட்கள். மீதியில் தேனி, மதுரைப் பக்கத்து அக்காக்கள் உண்டு. உள்ளூர் ஆளை விரல் விட்டு எண்ணிவிடலாம். திருப்பூர் இப்படி வெளியாட்களை வைத்தே வளர்ந்த ஊர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விடுகிற இதே லைன் வீடுகளில் ‘தெக்கத்தி ஆளுகளுக்கு வீடு குடுக்கறதில்லீங்க’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வீடு கிடைக்காமல் அலைந்தவர்களில் சிலர் இன்று சொந்தமாக லைன் வீடு கட்டி விட்டிருக்கிறார்கள். பீகார் பையன் வந்து கேட்டால் அவர்களே கையை விரிக்கிறார்கள். இதைச் சொன்னால் கோபம் வரும், சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

2023-ஆம் வருஷம் ஆரம்பமே சரியில்லை. ஜனவரியில் திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளிகள் உள்ளூர்ப் பையன்களைத் துரத்துகிற மாதிரி ஒரு வீடியோ எல்லாப் போனிலும் ஓடியது. மார்ச் மாதம் அதற்கு நேர் எதிராக, தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வடக்கே பரவின. அவை பொய் என்று டிஜிபி சைலேந்திரபாபு விளக்கம் கொடுத்தார். ஒன்று பீகார் ஆட்களே இரண்டு கோஷ்டியாக அடித்துக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் மோதிக்கொண்டது. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பிப் பார்த்தது. அதற்குள் சேதம் ஆகிவிட்டது. ஹோலிக்கு ஊருக்குப் போகிறோம் என்று சொல்லித் திருப்பூர் ஸ்டேஷனில் ஆலப்புழா–தன்பாத் வண்டிக்குக் கூட்டம் நின்றது. பண்டிகைக்குப் போனவர் எத்தனை, பயந்து போனவர் எத்தனை என்று யாரால் பிரிக்க முடியும்? எங்கள் மிஷின்களில் பாதிக்கு மேல் உறை போட்டுக் கிடந்தது. 2012 ஆகஸ்டில் அசாம் கலவரத்தை ஒட்டி வதந்தி கிளம்பி, பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் வடகிழக்குப் பிள்ளைகள் ரயில் ஏறி ஓடினார்களே, அதைப் பார்த்தவர்களுக்கு இது இரண்டாவது தடவை.

ஊருக்குள்ளே நடந்தது இதைவிடச் சின்னச் சின்னது, ஆனால் தினமும் நடந்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு நடந்து வருகிற பையன்களை மறித்துச் செல்போனைப் பிடுங்குவது. மளிகைக் கடையில் அவர்களுக்கு மட்டும் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் கூட்டிச் சொல்வது. ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ‘இவனுகளை இப்பவே அடிச்சுத் தொரத்தோணும்’ என்று யாரோ பேசின வாய்ஸ் மெசேஜ். அப்புறம் ஒரு நாள் மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே இருக்கிற பொதுக்குழாயில் போர்டு தொங்கியது.

தகரத்தில் நீலப் பெயிண்ட் அடித்து, வெள்ளை எழுத்தில் ‘உள்ளூர் மக்கள் மட்டும் தண்ணீர் பிடிக்கவும்’ என்று எழுதி, கட்டுக்கம்பி போட்டுக் குழாய்க்குப் பக்கத்துத் தூணில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எழுத்து நல்ல சுத்தமாக இருந்தது. காசு கொடுத்து எழுதி வாங்கியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் உப்புத்தண்ணி எப்போதும் வரும். ஆத்துத்தண்ணி முறை வைத்துத்தான் வரும், அதுவும் இந்தக் குழாயில்தான் கொஞ்சம் வேகமாக வரும். லைன் வீட்டு ஒடியாப் பெண்கள் குடத்தோடு வந்து போர்டைப் பார்த்துவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம்தான் கேட்டார்கள்.

போர்டு மாட்டின பையன்களிடம் ஏன் என்று கேட்டால் காரணம் தயாராக இருந்தது. குழாயடியிலேயே குளிக்கிறார்கள், பாக்குப் போட்டுத் துப்புகிறார்கள். பொய் இல்லை. குளிக்கத்தான் செய்தார்கள். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ரூம், ஒரு ரூமில் நாலைந்து பேர், எல்லாருக்கும் சேர்த்து ஒரே பாத்ரூம் கட்டி வாடகை வாங்குகிறவர் ஊர்ப் பெரிய மனிதர். அவரிடம் போய்க் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை, போர்டு எழுதத் தெரிந்தது.

ஊராட்சித் தலைவரிடம் போனோம். நல்ல மனுஷன்தான், நடுராத்திரி ஆம்புலன்ஸ் வேண்டும் என்றாலும் போனை எடுப்பார். “எதுக்குங்கக்கா வம்பு? போர்டை நானும் மாட்டல, நானும் கழட்ட மாட்டேன்,” என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னார்: “அவிகளுக்கு இங்க ஓட்டும் இல்லீங்களே.”

இந்த ஒரு வரிதான் மொத்தச் சிக்கலும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால்தான் கிராம சபை உறுப்பினர். ஊரில் சில நூறு வெளிமாநிலத்தார் குடியிருந்தாலும் அவர்களில் ஒருத்தராலும் அந்தச் சபையில் கை தூக்க முடியாது. அவர்களுக்காக ஊராட்சி ஒரு நிலை எடுக்க வேண்டும் என்றால் ஓட்டு இருக்கிறவர்கள்தான் கேட்டாக வேண்டும். அனுதாபம் இருந்து சும்மா இருக்கிறவர்களும் தலைவர் கணக்கில் போர்டு மாட்டினவர்கள் பக்கம்தான் சேருகிறார்கள்.

எங்களோடு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் சேர்ந்துகொண்டார். நான் எழுதின முதல் மனுவில் மனிதநேயம், சகோதரத்துவம், வந்தாரை வாழவைக்கும் தமிழகம் என்று ஒரு பக்கத்துக்கு இருந்தது. அவர் படித்துவிட்டுப் பேனாவால் குறுக்கே கோடு போட்டார். “இப்பிடி எழுதுனா எல்லாரும் கைதட்டிப்போட்டு டீ குடிக்கப் போயிருவாங்க அம்மிணி. ஊராட்சிக்குச் சொந்தமானது எது? அந்தக் கொழாய். அதைக் கேளு.” அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது உறுப்பை எடுத்து வாசித்தும் காட்டினார். அதில் இரண்டாவது உட்பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றை மட்டும் காரணமாக வைத்துக் கடை, உணவு விடுதிக்குள் வரவும், அரசுப் பணத்தில் பராமரிக்கிற கிணறு, குளம், சாலை போன்றவற்றைப் பயன்படுத்தவும் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. பிறந்த இடமும் அதில் இருக்கிறது என்பதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். மனு நாலு வரியாகச் சுருங்கியது: ஊராட்சிப் பணத்தில் போட்ட குழாயில் ஒரு பிரிவினரைத் தடுக்கும் போர்டு இருக்கிறது, அது சட்டத்துக்கு விரோதமானது, அகற்றி அதைத் தீர்மானமாகப் பதிவு செய்ய வேண்டும்.

யாராவது இந்த மாதிரி வேலையில் இறங்கினால் முதலில் இதைத்தான் சொல்வேன். ‘இனவெறியைக் கண்டிக்கிறோம்’ என்று மட்டும் கேட்டால் எந்த ஊராட்சியும் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் அதற்கு அப்புறம் அவர்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஊராட்சியின் கையில் இருக்கிறதைப் பட்டியல் போடுங்கள். குழாய், தெருவிளக்கு, விளையாட்டு மைதானம், ஏலம் விடுகிற கடைகள், வீட்டு வரி, குடிநீர் இணைப்பு. வெறுப்பு இவற்றில் எங்கே தொடுகிறதோ அங்கே கேட்க வேண்டும். கண்டன வாசகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது முதல் வரியில் இருக்கட்டும், அதற்குக் கீழே செய்கிற வேலை வர வேண்டும்.

நேரமும் எங்களுக்கு ஒத்து வந்தது. முன்னெல்லாம் வருஷத்துக்கு நாலு கிராம சபைதான், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-இல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் சேர்த்து ஆறாக்கினார்கள். கூட்டப் பொருள் பெரும்பாலும் மேலிருந்து அச்சடித்து வந்துவிடும். நாம் புதிதாக ஒன்றைக் கிளப்பினால் ‘இது அஜெண்டாவுல இல்லீங்க’ என்று தட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் இதர பொருட்கள் என்று கடைசிக்குத் தள்ளுவார்கள். அப்போது பாதி சனம் எழுந்து போயிருக்கும். மார்ச் 22 கூட்டத்தில் தண்ணீர்தான் பொருளே. குழாயில் தொங்குகிற போர்டை அதற்குச் சம்பந்தமில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. மனுவை ஒரு வாரம் முன்னாடியே கொடுத்து, இன்னொரு பிரதியில் ஊராட்சி செயலரிடம் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்கிவிட்டோம். சீல் இல்லாமல் கொடுத்த மனு கொடுக்காத மனுதான்.

கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதில் ஒரு விஷயம். எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகைக்கு 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த எண்ணிக்கையை நிரப்ப நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களை வரச் சொல்லி உட்கார வைப்பார்கள். கையெழுத்துப் போட்டதும் கிளம்பச் சொல்லிவிடுவார்கள். அதனால் முந்தின ரெண்டு நாளும் நாங்கள் போனது வேலை நடக்கிற ஓடைக்கரைக்குத்தான். அங்கே உட்கார்ந்து பேசியதில் எனக்கு ஒன்று புரிந்தது. தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிற கஷ்டம் தெரிந்த பெண்களுக்குப் போர்டு தப்பு என்று விளக்கவே வேண்டியிருக்கவில்லை. “தாகத்துக்கு என்ன ஊரு பேரு?” என்று ஒரு ஆத்தா கேட்டுவிட்டு மண்ணை அள்ளப் போய்விட்டது.

கூட்டத்தில் எதிர்ப்பு வந்தது, எதிர்பார்த்த இடத்திலிருந்தே வந்தது. போர்டு மாட்டின பையன்களில் ஒருத்தன் எழுந்து, “உங்களுக்குக் கம்மிக் கூலிக்கு ஆள் வேணும், அதுக்காகத்தானுங்க இவ்வளவு பாசம்?” என்று என்னைப் பார்த்தே கேட்டான். சிரித்தார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. பீஸ் ரேட்டில் உள்ளூர் டைலர் கேட்பதை விடக் குறைத்து வாங்கிக்கொண்டு பேசாமல் தைக்கிற ஆளைத்தான் பல முதலாளிகள் தேடுகிறார்கள். அந்தக் கோபம் முதலாளி மேல் போக வழியில்லாமல் பக்கத்து மிஷின்காரன் மேல் இறங்குகிறது. எங்கள் பட்டறையில் எல்லாருக்கும் ஒரே ரேட்தான், நோட்டைக் கொண்டுவந்து காட்டுகிறேன், ஆனால் இது எல்லாப் பட்டறையிலும் இருக்க வேண்டும் என்றால் அதையும் மனுவாகக் கொடு, நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

பேச்சைத் திருப்பினது லாரி ஓட்டுகிற ஒரு அண்ணன். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டு நம்பர் வண்டியாகத் தேடித் தேடிக் கொளுத்தினார்களே, அன்றைக்கு அவர் லோடோடு தும்கூர் பக்கத்தில் நின்றிருக்கிறார். ஒரு பெட்ரோல் பங்க்காரர், கன்னடக்காரர், வண்டியைப் பின்பக்கம் விடச் சொல்லி நம்பர் பிளேட் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடி, ராத்திரி முழுக்க உள்ளே படுக்க வைத்திருக்கிறார். “அந்தாளு எனக்கு ஓட்டா போட்டாரு? நம்ம நாமக்கல், சங்ககிரி வண்டி போகாத ஊரு இந்தியாவுல இல்ல. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போர் போடாத மாநிலம் இல்ல. நாளைக்கு அவனவன் ஊர்ல கொழாய்க்கு போர்டு மாட்டுனா நம்ம பசங்க எங்கீங்க தண்ணி குடிப்பாங்க?” அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். சட்டப் பிரிவை வாத்தியார் வாசித்தபோது கொட்டாவி விட்டவர்கள்கூட இதற்குத் திரும்பிப் பார்த்தார்கள். நம்மூர் ஆள் வெளியூரில் பட்டதைச் சொல்ல ஒருத்தர் நிச்சயம் ஊருக்கு ஊர் இருப்பார். அவரைத் தேடிப் பிடித்துப் பேச வையுங்கள்.

போர்டை அகற்றுவது என்று முடிவானது. இங்கேதான் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெக்சின் அட்டை போட்ட பெரிய நோட்டு. கூட்டம் ஆரம்பிக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தீர்மானத்துக்குப் பக்கங்களை வெறுமனே விட்டுவைத்து, அப்புறமாக ஆபீசில் உட்கார்ந்து எழுதுவார்கள். அப்படி எழுதும்போது ‘ஒரு பிரிவினரைத் தடுக்கும் போர்டு அகற்றப்பட வேண்டும்’ என்பது ‘குடிநீர்க் குழாய் பராமரிக்கப்பட வேண்டும்’ என்று ஆகிவிடும். நாங்கள் நகராமல் நின்றோம். கூட்டத்தைக் கவனிக்க வட்டாரத்திலிருந்து வந்திருந்த அலுவலர், பற்றாளர் என்பார்கள், சங்கடப்பட்டு, “எழுதிக் காட்டிருங்க,” என்று செயலரிடம் சொன்னார். எழுதி, சத்தமாக வாசித்து, தலைவர் கையெழுத்துப் போட்ட பிறகு போனில் படம் எடுத்துக்கொண்டோம். அப்படிப் படம் எடுக்க விடாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகல் கேட்கலாம், 30 நாளில் கொடுத்தாக வேண்டும். போர்டை அன்றைக்குச் சாயங்காலமே தண்ணி விடுகிறவர் கட்டிங் பிளேயர் கொண்டுவந்து கழற்றினார். மாட்டின பையன்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள், ஒரு சண்டையும் வரவில்லை.

விரிவான தீர்மானத்தை மே 1-க்குத் தள்ளினார்கள். அதுவும் நல்லதுக்குத்தான், தொழிலாளர் தினம். ஏப்ரல் மாதம் நாங்கள் தயாரித்த வாசகத்தில் நாலு விஷயம் இருந்தது. பிறந்த இடம், மொழி, மதம் காரணமாக யாரையும் ஒதுக்குவதை இந்தக் கிராம சபை ஏற்காது என்பது முதலாவது. ஊராட்சிக் கடைகளை ஏலம் எடுக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே விலையில் விற்க வேண்டும் என்று ஏல நிபந்தனையில் சேர்ப்பது அடுத்தது. லைன் வீட்டுக்காரர்கள் எத்தனை ரூமுக்கு எத்தனை கழிப்பறை, பாத்ரூம் என்று பார்த்து நோட்டீஸ் விடுவது மூன்றாவது. வதந்தி கிளம்பினால் வார்டு உறுப்பினர் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டு உறுதி செய்து, ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்குச் சொல்வது கடைசி. ஒவ்வொன்றுக்கும் நேராக யார் செய்ய வேண்டும் என்று பதவியை எழுதினோம். பதவி போடாத இடத்தில் ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

லைன் வீட்டிலிருந்தும் ஆட்களை அழைத்தோம். உறுப்பினர் இல்லை, ஓட்டும் இல்லை, ஆனால் பந்தலுக்கு ஓரமாக உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எங்களிடம் தைக்கிற ஒடியா டைலர் தமிழ் நன்றாகவே பேசுவார். தலைவர் அனுமதி கொடுத்ததும் எழுந்து, “நாங்க துப்பறது தப்பு. சொன்னா நிறுத்தறோம். போனைப் பிடுங்கறதையும் நிறுத்தச் சொல்லுங்க,” என்றார். இவ்வளவுதான் பேசினார். பாவப்பட்டவர்கள் மாதிரி நிற்கவில்லை, கொடுக்கல் வாங்கல் பேசினார். சபைக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

எல்லாம் சுமுகமாக முடிகிற நேரத்தில் கிழக்கு வளவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். அருந்ததியர், எங்கள் வீட்டுத் தோட்டத்திலும் ஒரு காலத்தில் வேலை பார்த்தவர். “பீகார்க்காரங்களுக்குக் கொழாயைத் தொறந்து விட்டீங்க, சந்தோசமுங்க சாமி. நம்மூரு டீக்கடையில எங்களுக்குப் பேப்பர் கப்பு, உங்களுக்குக் கிளாசு. அதையும் இதே நோட்டுல எழுதிப்போடுங்க.”

பந்தலில் சத்தமே இல்லை. முந்தின நிமிஷம் வரைக்கும் எங்களோடு உற்சாகமாக நின்ற இரண்டு மூன்று பேர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருத்தர் எனக்குப் பின்னால், “இதெதுக்கு இப்ப?” என்றார். தலைவர், “அது வேற விசயமுங்க, தனியாப் பேசிக்கலாம்,” என்று முடிக்கப் பார்த்தார். எப்படி வேறு விஷயம்? நாங்கள் மாதக்கணக்காகக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்த அதே 15-ஆவது உறுப்பில் பிறந்த இடத்துக்கு முன்னாலேயே சாதி நிற்கிறது. கடை, உணவு விடுதி என்று தனியாகவே சொல்கிறது. தீண்டாமையை ஒழித்து 17-ஆவது உறுப்பு இருக்கிறது, 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. எங்கள் வாசகத்தின் முதல் வரியில் பிறந்த இடம், மொழி, மதம் எல்லாம் இருந்தது, சாதி இல்லை. பீகார்க்காரருக்காகப் பேசினால் ஊரில் கொஞ்சம் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். இதைப் பேசினால் சொந்த பந்தம் பேச்சை நிறுத்திவிடும். அந்த விலை வித்தியாசம் பந்தலில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும்.

வாத்தியார் எழுந்து சாதி என்ற சொல்லை முதல் வரியில் சேர்க்கச் சொன்னார். நானும் சொன்னேன். நூறு நாள் வேலைப் பெண்கள் பகுதியிலிருந்து கைகள் எழுந்தன. பற்றாளர் முன்னால் தலைவரால் மறுக்க முடியவில்லை. ‘சாதி’ சேர்ந்தது. டீக்கடை என்று தனியாக எழுத மட்டும் அவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. பெரியவர் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் கிளம்பினார்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏல நிபந்தனை அடுத்த ஏலத்தில் சேர்ந்தது. ஆனால் மளிகைக் கடைகள் பாதிக்கு மேல் தனியார் கட்டடத்தில் இருக்கின்றன, அங்கே ஊராட்சி வாய் செல்லாது. லைன் வீட்டு நோட்டீசுக்கு ஒருத்தர் இரண்டு பாத்ரூம் கட்டினார், மற்றவர்கள் கட்டுகிறேன் என்றார்கள். பெரிய மனிதர் நோட்டீசையே வாங்கவில்லை. போன் பிடுங்குவது குறைந்தது. அதற்குத் தீர்மானம் காரணமா, ரோந்து போலீஸ் காரணமா என்று சண்டை போடத் தேவையில்லை. கூலி விஷயம் மனுவாக வரவே இல்லை. அந்தப் பையன் இப்போது சூலூர்ப் பக்கம் ஒரு மில்லில் சூப்பர்வைசர். அவனுக்குக் கீழேயும் வெளிமாநில ஆட்கள்தான்.

நாலாவது விஷயம்தான் உண்மையில் ஆளைக் காப்பாற்றியது. 2024 ஆரம்பத்தில் குழந்தை கடத்தல் வதந்தி மறுபடியும் தமிழ்நாட்டில் சுற்றியது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் தலையில் போர்வைக் கட்டைத் தூக்கி விற்று வந்த ஒரு வடநாட்டு ஆளைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ கட்டைப் பிரித்து ரோட்டில் கொட்டியிருந்தார்கள். அந்த ஆள் ஆதார் கார்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தராகப் பார்த்துக் காட்டிக்கொண்டிருந்தார், யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. வார்டு உறுப்பினர் அம்மா வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “வதந்திங்க, யாரும் கை வைக்காதீங்க, வண்டி அனுப்பறோம்,” என்று அந்தப் பக்கத்துக் குரல் கேட்டதும் கூட்டம் தளர்ந்தது. அரை மணி நேரத்தில் ஆட்டோ மைக் எல்லாத் தெருவிலும் போனது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை இதே வதந்தியில் அடித்தே கொன்றார்கள். அவர் சென்னைக்காரர், தமிழர். வெறிக்கு ஆள் கிடைத்தால் போதும், எந்த ஊர் என்று விசாரிக்காது. வார்டு உறுப்பினரிடம் பின்னால் கேட்டேன், எப்படித் தைரியமாகப் போனீர்கள் என்று. “நோட்டுல என் பதவியைப் போட்டு எழுதி வெச்சிருக்கீங்களே, போகாம என்ன பண்றது?” என்றார்.

புகார் கொடுக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மொழி, பிறந்த இடம், சாதி என்று சொல்லிப் பகையைத் தூண்டுகிற வாய்ஸ் மெசேஜுக்கு அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 153ஏ இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவு. மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள். ஊராட்சி அசையாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில், கிராம சபைத் தீர்மான நகலை இணைத்து மனு கொடுங்கள். வெறும் மனுவுக்கும் தீர்மான நகல் வைத்த மனுவுக்கும் மேஜையில் கிடைக்கிற மரியாதை வேறு. திருப்பூர், கோவை மாநகராட்சி மாதிரி இடங்களில் கிராம சபை கிடையாது, வார்டு வாரியாகப் பகுதி சபை இருக்கிறது. கவுன்சிலரை நெருக்கினால்தான் கூட்டுவார்கள்.

எங்கள் பக்கத்து ஊராட்சிகளில் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். ஆள் மாறினாலும் தீர்மானம் நோட்டில் இருக்கிறது. எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று சொல்ல ஊரில் நாலு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

டீக்கடை விஷயம் மட்டும் மீதி. ஒரு வழி கிடைத்தது, கொஞ்சம் குறுக்கு வழி. பிளாஸ்டிக் பூச்சு போட்ட பேப்பர் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அதைச் சொல்லி மனு கொடுத்ததும் ஊராட்சி அபராதம் போடுவதாகச் சொல்ல, கடைக்காரர் கப்பை நிறுத்தினார். இப்போது எல்லாருக்கும் கிளாஸ். வாத்தியாருக்கு ரொம்ப சந்தோஷம். பெரியவரிடம் போய்ச் சொன்னேன். “பிளாஸ்டிக்குக்குப் பயந்து குடுத்தாங்க. எங்களுக்குன்னு குடுக்கலையே கண்ணு,” என்றார். அவர் சொல்வது சரி. அந்தக் கிளாஸைத் தனியாக ஒரு வாளியில் கழுவுகிறார்கள் என்று அவருடைய பேத்தி சொல்கிறாள், கல்லூரியில் படிக்கிறாள். அடுத்த கிராம சபைக்கு டீக்கடை என்ற சொல்லையே போட்டு அவளே மனு எழுதியிருக்கிறாள். செயலர் வாங்கத் தயங்கினார். தேதியும் சீலும் போடும் வரை நாங்கள் ஆபீஸ் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.